நாய் நகமோ பூனை நகமோ கண்ணில் பட்டால்: காத்திருப்பதா, மெடிக்கலா, ஆஸ்பத்திரியா?

வேலை முடிந்து வருபவரைக் கண்டு நாய் துள்ளி ஏறும்போது முன்னங்கால் நகம் கண்ணில் படும். மடியில் கிடக்கும் பூனை திமிறும்போது கீறிவிடும். குஞ்சைத் தொடப்போன குழந்தையின் முகத்தில் தாய்க்கோழி கொத்தும். பால் கறக்கும்போது மாட்டு வால் சுழன்று வந்து விழும். மதுரைப் பக்கத்து வீடுகளில் இந்த நான்கையும் "கண்ணுல லேசா பட்டுருச்சு" என்று ஒரே மாதிரிதான் சொல்வார்கள். ஆனால் நான்குக்கும் பார்க்கவேண்டிய வைத்தியம் வேறு வேறு.

பட்டவுடன் வீட்டில் ஆளுக்கொரு யோசனை வரும். கழுவிவிட்டுப் பார்ப்போம் என்பார் ஒருவர். தாய்ப்பால் விடலாம் என்பார் இன்னொருவர். தெருமுனை மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கி வரச் சொல்வார்கள். பக்கத்து டாக்டர், கண் பரிசோதனை மையம், அண்ணா நகர் கண் ஆஸ்பத்திரி, கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரி என்று பட்டியல் நீளும். இவற்றில் எது எப்போது சரி என்பதை இரண்டு கேள்விகளை வைத்து முடிவு செய்யலாம். கண்ணைத் தொட்டது எது? அது கருவிழியைக் கீறியதா, இல்லையா?

இரண்டாவது கேள்விக்கு வீட்டுக் கண்ணாடியில் பதில் கிடைக்காது. கருவிழியின் மேல்தோல் ஏறத்தாழ 50 மைக்ரான் கனம்தான். ஒரு தலைமுடியின் தடிமன் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் விழுந்த கீறல் வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஃப்ளோரசின் என்ற மஞ்சள் சாயத் தாளைக் கண்ணில் தொட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தால் கீறல் பச்சையாக ஒளிரும். அந்தப் பரிசோதனைக்கு இரண்டு நிமிடம் போதும். இந்தக் கட்டுரையில் ஒவ்வொரு வழியையும் எடைபோட நாம் வைத்துக்கொள்ளும் அளவுகோலும் அதுதான்: இங்கே சாயம் போட்டுப் பார்ப்பார்களா, மாட்டார்களா?

முதல் பதினைந்து நிமிடம்

எந்த வழியில் போனாலும் முதலில் கழுவவேண்டும். விதிவிலக்கு ஒன்றே: கண் துளைபட்டிருக்கலாம் என்ற சந்தேகம். அதைப் பின்னால் பார்ப்போம்.

நல்ல தண்ணீர் என்றால் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர், திறக்காத குடிநீர் பாட்டில், அல்லது மெடிக்கலில் கிடைக்கும் 0.9 சதவீத நார்மல் சலைன் பாட்டில். இவை எதுவும் கையில் இல்லையென்றால் குடிக்கப் பயன்படுத்தும் தண்ணீரையே உடனே ஊற்றுங்கள். நல்ல தண்ணீர் தேடி நேரத்தைக் கடத்தவேண்டாம். கண்மாய், கிணறு, மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் மட்டும் வேண்டாம். அத்தகைய தண்ணீரில் வாழும் அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் கீறல் விழுந்த கருவிழியில் ஒட்டிக்கொண்டால், மாதக்கணக்கில் மருந்து போடவேண்டிய புண்ணாகிவிடும்.

அடிபட்ட கண் கீழே வரும்படி தலையைச் சாய்த்து, மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாக டம்ளரால் மெல்ல ஊற்றவேண்டும். அப்போதுதான் அழுக்கு அடுத்த கண்ணுக்குப் போகாது. பதினைந்து நிமிடம் ஊற்ற ஒன்று முதல் இரண்டு லிட்டர் தேவைப்படும். நடுநடுவே இமையைக் கொட்டச் சொல்லுங்கள். காண்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் கையைக் கழுவிவிட்டு முதலிலேயே கழற்றிவிடவேண்டும். டாக்டர் சொல்லும்வரை திரும்பப் போடக்கூடாது.

இமைத்தோலிலோ கன்னத்திலோ கீறல் இருந்தால் கண்ணை இறுக மூடச் சொல்லி, அந்த இடத்தைச் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். ரேபிஸ் கிருமியைப் பொறுத்தவரை இந்தச் சோப்புக் கழுவலும் சிகிச்சையின் ஒரு பகுதி. கண்ணுக்குள் சோப்பு போகக்கூடாது. உள்ளே வெறும் தண்ணீர்தான்.

கசக்குவதுதான் அடுத்த ஆபத்து. நாய்முடி ஒன்று மேலிமைக்குள் ஒட்டியிருந்தால், ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் கருவிழியில் மேலும் கீழுமாகக் கோடு போடும். சாயம் போட்டால் செங்குத்தாகப் பல கோடுகள் தெரிவது அதன் அடையாளம். அப்போது மேலிமையைப் புரட்டி முடியை எடுக்கவேண்டும். அதை டாக்டரோ பயிற்சி பெற்ற செவிலியரோதான் செய்யவேண்டும். நாக்கால் தடவி எடுக்கும் பழக்கம் இன்னும் சில ஊர்களில் இருக்கிறது. வாயில் உள்ள அத்தனை கிருமியையும் புண்ணில் கொண்டு சேர்க்கும் வேலை அது.

கழுவிவிட்டுக் காத்திருப்பது: எவ்வளவு நேரம்?

இது தவறான வழி என்று யாரும் பயமுறுத்தவேண்டியதில்லை. கருவிழியின் மேல்தோல் தானே வளரக்கூடியது. சின்னக் கீறல் 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் மூடிக்கொள்ளும். வாலோ பாதமோ லேசாக உரசி, கழுவியபின் உறுத்தல் குறைந்து, பார்வை தெளிவாக இருந்தால் வீட்டில் இருக்கலாம். வெள்ளைவிழியில் மட்டும் திட்டாக ரத்தம் கட்டி, வலியும் கூச்சமும் இல்லாமல், பட்டது கூர்மையான பொருள் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் அதுவும் ஒன்றிரண்டு வாரத்தில் தானே கரையும்.

காத்திருப்பவர்கள் செய்யவேண்டிய சோதனை ஒன்று. சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் ராகுகாலம், எமகண்டம் அச்சிட்டிருக்கும் சின்ன எழுத்தை, நல்ல கண்ணை மூடிக்கொண்டு அடிபட்ட கண்ணால் படியுங்கள். கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடே படிக்கலாம். பிறகு மறு கண்ணால் படியுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தால் காத்திருப்பு முடிந்தது, புறப்படவேண்டியதுதான். வித்தியாசம் இல்லையென்றால் ஆறு மணி நேரம் கழித்தும் மறுநாள் காலையிலும் திரும்பப் படியுங்கள். ஒவ்வொரு முறையும் முந்தியதைவிட நன்றாக இருக்கவேண்டும். "அப்படியேதான் இருக்கு" என்ற பதிலைக்கூட இங்கே மோசம் என்றே எடுத்துக்கொள்ளவேண்டும்.

மற்ற ஊர்க்காரர்களைவிட மதுரைக்காரர்கள் இந்தக் காத்திருப்பைச் சுருக்கிக்கொள்ளக் காரணம் இருக்கிறது. மதுரை மாவட்டத்தில் கருவிழிப் புண் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்கு வருகிறது என்று 1996இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அமெரிக்காவின் ஒரு மாவட்டத்தில் எடுத்த கணக்கைப்போல அது பத்து மடங்கு. 1994இல் மூன்று மாத காலத்தில் மதுரையில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரைப் பரிசோதித்தபோது, 65 சதவீதத்தினர் அதற்கு முன் கண்ணில் ஏதோ பட்டதாகச் சொன்னார்கள். கிருமி வளர்ந்த மாதிரிகளில் பாக்டீரியா ஏறக்குறைய பாதி, பூஞ்சை ஏறக்குறைய பாதி. அந்தப் பூஞ்சைகளில் முதலிடம் ஃபுசேரியத்துக்கு. வயல் மண்ணிலும் அழுகிய இலைதழையிலும் வாழ்வது அது. தோப்பில் குழி பறித்துவிட்டு வரும் நாயின் நகத்திலும், குப்பைமேட்டைக் கிளறும் கோழியின் அலகிலும், சாணியும் வைக்கோலும் ஒட்டிய மாட்டு வாலிலும் அந்த மண்தான் இருக்கிறது. குளிர்நாட்டில் அடுக்குமாடி வீட்டை விட்டு வெளியே போகாத பூனைக்கு எழுதிய அறிவுரை, சோழவந்தான் தென்னந்தோப்பு வீட்டுப் பூனைக்குப் பொருந்தாது.

பூஞ்சை மெதுவாக வேலை செய்யும். பாக்டீரியா என்றால் ஓரிரு நாளில் கண் சிவந்து பீளை கட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். பூஞ்சைப் புண் முதல் மூன்று நாள் நன்றாகிவிட்டது போலத் தோன்றி, ஐந்தாம் நாளோ பத்தாம் நாளோ கருவிழியில் சாம்பல் வெள்ளையாகப் புள்ளி விழும். "கண்ணுல பூ விழுந்துருச்சு" என்று நம் பாட்டிமார் சொன்னது பெரும்பாலும் இப்படி ஆறிய புண்ணின் தழும்பைத்தான். எனவே நகமோ, அலகோ, பல்லோ, வாலோ பட்டு உறுத்தல் இருந்தால், 24 மணி நேரத்துக்குள் ஒருமுறை சாயம் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

கைவைத்தியம்

தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைப் பூச்சாறு, பன்னீர், தேன். கீறல் இல்லாத கண்ணில் இவை என்ன செய்யும் என்ற வாதம் இங்கே தேவையில்லை. தோல் கிழிந்த கருவிழியில், கிருமிநீக்கம் செய்யாத எந்தத் திரவமும் விதை தூவுவதற்குச் சமம். இலைச்சாறு விடுவதென்றால் பூஞ்சையையே நேராகக் கொண்டுபோய் ஊற்றுவதுதான். இதில் ஒப்பிட ஒன்றுமில்லை, வேண்டாம்.

தெருமுனை மெடிக்கல்

பெரும்பாலானவர்கள் தேர்ந்தெடுப்பது இந்த வழியைத்தான். பெரும்பாலான சேதமும் இங்கேதான் தொடங்குகிறது. விரிவாகப் பார்க்கவேண்டிய காரணம் அது.

கடையில் "கண்ணு செவந்திருக்கு, ஒரு சொட்டு மருந்து குடுங்க" என்று கேட்டால் மூன்று விதமான பாட்டிலில் ஒன்று வரலாம். முதலாவது, கார்பாக்ஸிமெத்தில்செல்லுலோஸ் போன்ற கண்ணீர்ச் சொட்டு. உறுத்தலைக் குறைக்கும், கிருமியைத் தடுக்காது; தீங்கு இல்லை. இரண்டாவது, மோக்ஸிஃப்ளாக்ஸசின் போன்ற ஆன்டிபயாட்டிக் மட்டும் உள்ள சொட்டு. மூன்றாவது, ஆன்டிபயாட்டிக்கோடு ஸ்டெராய்டு கலந்தது. மூன்றும் ஒரே அளவுச் சின்ன பாட்டில்தான். பெயர்கூட ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். பல கம்பெனிகள் ஸ்டெராய்டு கலந்ததற்குப் பெயரின் பின்னால் 'டி' என்ற எழுத்தைச் சேர்க்கின்றன. அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கவேண்டியிருக்கிறது. பெட்டியின் பக்கவாட்டில் உள்ள பொடி எழுத்தில் டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன், லோடெப்ரெட்னால், ஃப்ளூரோமெத்தோலோன் ஆகிய ஐந்து பெயரில் எது இருந்தாலும் அது ஸ்டெராய்டு.

ஸ்டெராய்டு சொட்டு விட்ட அன்று மாலையே கண் வெளுக்கும், வலி குறையும். மருந்து கேட்கிறது என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள். உண்மையில் கிருமியை எதிர்க்க வந்த படையைத்தான் அது வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது. பூஞ்சை தடையில்லாமல் உள்ளே இறங்கும். கருவிழியின் நடுப்பகுதி அரை மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகமான கனம்தான். அதைக் கடந்தால் கண்ணுக்குள். சொட்டு மருந்து கேட்கவில்லை என்று பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரிக்கு வரும் கண்களில் புண் ஆழமாகப் போயிருக்கக் காரணம் பெரும்பாலும் இதுதான். ஒன்றும் போடாமல் இருப்பதைவிட மோசமான வழி என்று உறுதியாகச் சொல்லக்கூடியது இந்தப் பட்டியலில் இரண்டு: இலைச்சாறும் ஸ்டெராய்டு சொட்டும்.

மரத்துப்போகச் செய்யும் பாராகெயின் சொட்டும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்காக ஒருமுறை விடுவார்கள், வலி பறந்துவிடும். அதை வீட்டுக்கு வாங்கிவந்து திரும்பத் திரும்ப விட்டால் கீறல் ஆறாது, கருவிழியே கரையத் தொடங்கும்.

அப்படியானால் ஆன்டிபயாட்டிக்குக்குப் பயனே இல்லையா? இருக்கிறது. அதற்கான ஆதாரம் மதுரை மாவட்டக் கிராமங்களிலிருந்தே கிடைத்திருக்கிறது. கண்ணில் அடிபட்டு 48 மணி நேரத்துக்குள், ஊரிலேயே பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் சாயம் போட்டுப் பார்த்துக் கீறலை உறுதிசெய்து, 1 சதவீத குளோராம்ஃபெனிக்கால் களிம்பை ஒரு நாளைக்கு மூன்று வேளையாக மூன்று நாள் போட்டார்கள். ஏறக்குறைய எல்லாக் கீறலும் புண்ணாகாமல் ஆறின. பூஞ்சையை எதிர்க்கும் களிம்பைச் சேர்த்துப் போட்டவர்களுக்கும் சேர்க்காதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 2006இல் வெளியான இந்த முடிவு சொல்வது எளிது: கீறல் சீக்கிரம் சுத்தமாக மூடிக்கொண்டால் பூஞ்சைக்கு நுழைய வாசல் இருக்காது. அங்கே மருந்துக்கு முன் பரிசோதனை நடந்தது, இரண்டு நாளுக்குள் தொடங்கினார்கள், ஸ்டெராய்டு இல்லை. இந்த மூன்றையும் விட்டுவிட்டு மருந்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அந்தப் பலன் வராது. பூ விழுந்த பிறகு இதே களிம்பு உதவாது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அப்போது கிருமி எது என்று சுரண்டிப் பார்த்து, பூஞ்சை என்றால் 5 சதவீத நாட்டமைசின் என்ற பூஞ்சை எதிர்ப்புச் சொட்டை மணிக்கு ஒருமுறை விடவேண்டிய கட்டத்துக்குப் போய்விடும்.

டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தைச் சரியாகப் போடுவதற்குச் சில குறிப்புகள். கீழிமையை இழுத்து ஒரு சொட்டு விட்டால் போதும். கண்ணில் ஒரு சொட்டு நிற்கவே இடமில்லை, இரண்டாவது கன்னத்தில்தான் வழியும். விட்டபின் மூக்கோரத்து மூலையை ஒரு நிமிடம் லேசாக அழுத்துங்கள். இன்னொரு சொட்டு மருந்து இருந்தால் ஐந்து நிமிடம் இடைவெளி. களிம்பு எப்போதும் கடைசியில், ஓர் அரிசி நீளத்துக்கு. திறந்த பாட்டிலை ஒரு மாதத்தில் எறிந்துவிடவேண்டும். போன வருடம் அண்ணனுக்கு வாங்கியதைத் தம்பிக்கு விடுவது எத்தனையோ வீடுகளில் நடக்கிறது, அது கூடாது. வலிக்கு, வேறு தடை இல்லாத பெரியவர்கள் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் எடுத்துக்கொள்ளலாம்.

பஞ்சு வைத்துக் கண்ணைக் கட்டினால் சீக்கிரம் ஆறும் என்பது பழைய நம்பிக்கை. சாதாரணக் கீறல் கட்டுவதால் சீக்கிரம் ஆறுவதில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. நகம், அலகு, மண் சம்பந்தப்பட்ட கீறலைக் கட்டினால் உள்ளே சூடும் ஈரமும் சேர்ந்து கிருமிக்கு வசதியாகப் போகும். கூச்சத்துக்குக் கறுப்புக் கண்ணாடி போதும்.

பக்கத்து டாக்டர், கண் மையம், பெரிய ஆஸ்பத்திரி

குடும்ப டாக்டரிடம் போவதன் நன்மை பக்கத்தில் இருப்பது. டிடி என்ற டெட்டனஸ் தடுப்பு ஊசி, வலி மாத்திரை, ரேபிஸ் ஊசி எல்லாம் அங்கேயே தொடங்கலாம். ஆனால் பெரும்பாலான கிளினிக்குகளில், கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லாம்ப் என்ற விளக்குக் கருவி இருக்காது. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு "சிவப்புதான், சொட்டு போடுங்க" என்றால், "கருவிழியில் கீறல் இருக்கா, சாயம் போட்டுப் பார்க்க எங்க போகணும் சார்?" என்று கேட்டுவிடுங்கள். நல்ல டாக்டர் இந்தக் கேள்வியைத் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்.

1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமப்புறங்களில் சின்னச் சின்னக் கண் பரிசோதனை மையங்களையும் நடத்துகிறது. பயிற்சி பெற்ற பணியாளர் ஸ்லிட் லாம்பில் பார்ப்பார். மருத்துவர் வீடியோ வழியாகப் பேசி மருந்து சொல்வார். பூனைநகக் கீறலுக்கு இது அளவான, சரியான இடம் என்பது எங்கள் கணிப்பு. உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு 40 கிலோமீட்டருக்குப் பக்கம். ஆரப்பாளையத்தில் இறங்கி அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து அண்ணா நகரில் உள்ள அரவிந்த் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஒருநாள் கூலி போய்விடும். அதற்குப் பயந்துதான் பலர் மெடிக்கலோடு நின்றுவிடுகிறார்கள். பக்கத்தில் மையம் இருந்தால் அந்தச் செலவு மிச்சம். அங்கே செய்யமுடியாதது புண்ணைச் சுரண்டிக் கிருமி பார்ப்பதும், தையலும், அறுவையும். அவை தேவைப்பட்டால் அவர்களே மேலே அனுப்புவார்கள்.

கண் ஆஸ்பத்திரியா, பெரியாஸ்பத்திரியா என்ற கேள்வி வரும்போது காயம் எங்கெங்கே இருக்கிறது என்று பாருங்கள். கண்ணில் மட்டும் என்றால் கண் ஆஸ்பத்திரி. நாய் கடித்து இமை, கன்னம், உதடு என்று பரவியிருந்தால் பெரியாஸ்பத்திரி எனப்படும் அரசு ராஜாஜி மருத்துவமனை. மதுரை மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது என்பதால் கண் பிரிவு, அறுவைப் பிரிவு, குழந்தைகள் பிரிவு, மயக்க மருந்து டாக்டர், ரேபிஸ் சீரம் எல்லாம் ஒரே வளாகத்தில் கிடைக்கும்; ராத்திரியிலும் அவசரப் பிரிவு இயங்கும். கடிபட்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊசிக்கு ஒரு இடம், தையலுக்கு ஒரு இடம் என்று அலையவேண்டியிருக்காது.

கீழிமை மூக்கோரத்தில் கிழிந்திருந்தால், சின்னக் கிழிசலாகத் தெரிந்தாலும், கண்ணீர்க்குழாய் அறுந்திருக்கலாம். நாய்க்கடியில் குழந்தைகளுக்கு இது அடிக்கடி நடக்கும். ஒன்றிரண்டு நாளுக்குள் குழாய் வைத்துத் தைக்காவிட்டால் அந்தக் கண்ணில் வாழ்நாள் முழுதும் நீர் வடியும். பக்கத்து கிளினிக்கில் மேலோட்டமாக இரண்டு தையல் போட்டு அனுப்பிவிட்டால், உள்ளே அறுந்தது அப்படியே இருக்கும்.

கழுவக்கூடாத கண்

கோழிக்கொத்தையும் பூனையின் ஊசிநகத்தையும் "மைனர்" என்று எண்ணும்முன் ஒரு நிமிடம் நிதானிக்கவேண்டும். நாய்நகம் மழுங்கியது, தேய்க்கும். அலகு துளைக்கும். வெளியே கடுகளவு காயம், உள்ளே லென்ஸ் வரை ஓட்டை.

கருமணி (கண்ணின் நடுவில் உள்ள கறுப்பு வட்டம்) உருண்டையாக இல்லாமல் கண்ணீர்த்துளி வடிவில் ஒரு பக்கம் இழுத்திருந்தால், கண்ணிலிருந்து கறுப்பாகவோ பழுப்பாகவோ சதை துருத்தினால், சூடாக நீர் இறங்குவது போலிருந்தால், கருவிழிக்குப் பின்னால் ரத்தம் தேங்கித் தெரிந்தால், பார்வை சட்டென்று மங்கினால் கழுவாதீர்கள், அழுத்தாதீர்கள், சொட்டோ களிம்போ எதுவும் போடாதீர்கள். ஒரு பேப்பர் கப்பின் அடிப்பாகத்தை வெட்டி, அதன் விளிம்பு எலும்பில் உட்காரும்படி கண்ணின் மேல் கவிழ்த்துப் பிளாஸ்டர் ஒட்டுங்கள். கண்ணைத் தொடும் பஞ்சு வேண்டாம். மயக்க மருந்து கொடுக்கவேண்டியிருக்கலாம் என்பதால் சோறோ தண்ணீரோ கொடுக்காமல் 108ஐ அழைத்துப் புறப்படுங்கள். ராத்திரி பதினோரு மணியானாலும் அப்போதே போகவேண்டும்.

சின்னக் குழந்தை கண்ணைத் திறக்கவே மறுத்தால் வலுக்கட்டாயமாகப் பிரித்துப் பார்க்காதீர்கள். துளைபட்ட கண்ணாக இருந்தால் அந்த அழுத்தத்தில் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். ஏழெட்டு வயதுவரை பார்வை வளர்ந்துகொண்டிருக்கும். அந்த வயதில் கருவிழி நடுவில் தழும்பு விழுந்தால் புண் ஆறிய பிறகும் அந்தக் கண் சோம்பிப்போகும். குழந்தை விஷயத்தில் காத்திருப்பு என்ற வழியை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

ரேபிஸ்: தனிக் கணக்கு

கண் ஆறிவிட்டது என்பதற்காக ரேபிஸ் ஊசியை விடமுடியாது. ஊசி போட்டாகிவிட்டது என்பதற்காகக் கண்ணைக் காட்டாமல் இருக்கவும் முடியாது. ஒரு இடத்தில் காட்டியதும் எல்லாம் முடிந்துவிட்டதென்று வீடு திரும்புவதில்தான் தவறு நடக்கிறது. கண் டாக்டரிடம் "எது பட்டது" என்று சொல்லுங்கள். ஊசி போடும் இடத்தில் "கண்ணில் பட்டது" என்று சொல்லுங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் ரத்தம் வராத சின்னக் கீறல் இரண்டாம் வகை, தடுப்பூசி போதும். ரத்தம் வந்த கீறல், கடி, கண் வாய் போன்ற மெல்லிய சவ்வில் எச்சில் படுவது எல்லாம் மூன்றாம் வகை. தடுப்பூசியோடு, கிருமியை உடனே எதிர்க்கும் தயார்நிலை எதிர்ப்புப் பொருள் கொண்ட சீரமும் வேண்டும். பாசத்தில் நாய் முகத்தை நக்கும்போது எச்சில் கண்ணுக்குள் போனாலும் மூன்றாம் வகைதான். பூனை தன் பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கும் பிராணி; அதன் நகம் கண் சவ்வைக் கீறியிருந்தால் அதையும் மூன்றாம் வகையைப் போலவே எண்ணி டாக்டரிடம் கேட்பது நல்லது.

அரசு ஆஸ்பத்திரிகளில் தோலுக்குள் போடும் முறையில் 0 (முதல் ஊசி போடும் நாள்), 3, 7, 28ஆம் நாள்களில் இரண்டு தோள்களிலும் 0.1 மில்லி வீதம் போடுகிறார்கள். தனியாரில் தசையில் போடுவது 0, 3, 7, 14, 28 என்று ஐந்து நாள். முன்பே முழுக் கோர்ஸ் போட்டவர்களுக்கு 0, 3 ஆகிய இரண்டு நாள் போதும், சீரம் தேவையில்லை. சீரத்தை முதல்நாளே போட்டுக்கொள்வது நல்லது. தவறினால் முதல் ஊசியிலிருந்து ஏழு நாளுக்குள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி கிடைக்கும். சீரத்துக்குப் பெரும்பாலும் பெரிய ஆஸ்பத்திரிக்கே போகவேண்டும் என்பதால் கிளம்பும்முன் 104 என்ற மருத்துவ உதவி எண்ணில் கேட்டுக்கொள்ளுங்கள்.

"எங்க நாய்க்கு ஊசி போட்டிருக்கு" என்பது நல்ல செய்தி, ஆனால் முடிவு இல்லை. ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ கன்னியோ, நாய் எந்த இனமானாலும் வருடாவருடம் போட்ட ஊசியின் அட்டை இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். முதல் ஊசியைத் தள்ளிப்போடாமல் போட்டுக்கொண்டு, நாயையோ பூனையையோ பத்து நாள் கட்டிவைத்துக் கவனிக்கவேண்டும். பத்து நாளும் நலமாக இருந்தால் மீதி ஊசிகளை எப்படி மாற்றுவது என்று டாக்டர் சொல்வார். இடையில் அது தீனி எடுக்காமல் போனாலோ, குரல் மாறினாலோ, எச்சில் ஒழுகினாலோ, காணாமல் போனாலோ கோர்ஸை முழுதாக முடிக்கவேண்டும். இந்தக் கவனிப்பு விதி நாய்க்கும் பூனைக்கும் மட்டும். கோழி, லவ் பேர்ட்ஸ் போன்ற பறவைகளால் ரேபிஸ் வராது. மாட்டு வால் அடியாலும் வராது. நோய்கண்ட மாட்டின் எச்சில் கண்ணில் பட்டால் மட்டுமே அந்தப் பேச்சு.

கண் ஆறிய பிறகு

மூன்று நாளில் கண் வெளுத்துவிட்டாலும் ஏழாம் நாளிலும் பத்தாம் நாளிலும் நல்ல வெளிச்சத்தில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்: கருவிழியில் வெள்ளையாக ஏதாவது தெரிகிறதா என்று. தெரிந்தால் அன்றே கண் ஆஸ்பத்திரி. நேற்றுவரை விட்ட சொட்டு பாட்டிலையும் கையோடு எடுத்துப் போகவேண்டும்.

பூனைக் கீறலுக்குப் பிறகு ஒன்றிரண்டு வாரத்தில் அந்தக் கண் மட்டும் சிவந்து, அதே பக்கத்துக் காதுக்கு முன்னால் நெறிகட்டி, லேசாகக் காய்ச்சலும் அடித்தால் அது பூனைத் தெள்ளுப்பூச்சி வழியாகப் பரவும் பார்ட்டனெல்லா என்ற பாக்டீரியாவாக இருக்கலாம். பூனை கீறியதைச் சொன்னால்தான் டாக்டருக்கு அந்தத் திசையில் யோசனை போகும்.

இன்னொன்று, மாதங்கள் கழித்து வருவது. ஆறிய கீறலின் மேல்தோல் அடித்தளத்தோடு சரியாக ஒட்டாமல் இருந்தால், தூங்கும்போது இமையோடு ஒட்டிக்கொண்டு, விடியற்காலையில் கண் திறக்கும் நொடியில் பிய்ந்து வரும். கத்தியால் கீறியது போல வலித்து, நீர் கொட்டி, பத்து மணிக்கெல்லாம் சரியாகிவிடும். மதியம் டாக்டரிடம் போனால் ஒன்றும் தெரியாமலும் போகலாம். நகக்கீறலுக்குப் பின் இது அதிகம். படுக்கும்முன் மசகுக் களிம்பு போட்டுக்கொண்டு, காலையில் விழித்ததும் சட்டென்று கண்ணைத் திறக்காமல் மூடிய இமைக்குள்ளேயே விழியை மெல்ல அசைத்துவிட்டுத் திறந்தால் பெரும்பாலும் கட்டுக்குள் வரும். அந்தக் களிம்பைச் சில மாதமாவது விடாமல் போடவேண்டும்.